முடி நடுவதற்கு முன்னும் பின்னும்: வேலூர் பக்கத்து ஆட்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

பின்தலையிலிருந்து ஒரு முடி வேரை எடுத்து முன்னால் நட்டால், எடுத்த இடத்தில் அது மறுபடி முளைக்காது. முடி மாற்று சிகிச்சை பற்றி வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. ஒருவருடைய பிடரியிலிருந்து ஆயுள் முழுக்க எடுக்கக்கூடிய கிராஃப்ட் (ஒன்று முதல் நாலு முடி சேர்ந்த வேர்க்கொத்து) சுமார் 5000, 6000 இருக்கும். பலருக்கு அதைவிடக் குறைவு. முழு வழுக்கையைக் கல்லூரிக் கால அடர்த்திக்கு நிரப்ப அது போதாது. அதனால் கையிருப்பை எந்த வயதில், எந்த இடத்தில், எவ்வளவு இறக்குவது என்பதுதான் இதில் பெரிய முடிவு. 22 வயதில் அவசரப்பட்டு நெற்றியை நிரப்பிக்கொண்டால், 35இல் நட்டது மட்டும் முன்னால் தனியாக நிற்கும். பின்னால் வழுக்கை விரிந்துகொண்டே போகும், அதை மூடப் பிடரியில் மிச்சம் இருக்காது.

கீழே சொல்லும் வரிசையை மாற்றாமல் போவது நல்லது.

முதல் படி: எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

தினமும் 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்பு. சீப்பில் நாலு முடி பார்த்துப் பதறத் தேவையில்லை. பார்க்க வேண்டியது, உதிர்வது எந்த இடத்தில், எவ்வளவு நாளாக என்பதை.

நெற்றியின் இரண்டு ஓரமும் மேலே ஏறி, உச்சியில் வட்டமாக மெலிந்து, பிடரி மட்டும் அப்படியே இருந்தால் அது பரம்பரை வழுக்கை. டி.எச்.டி. என்ற ஹார்மோனுக்கு அந்தப் பகுதி வேர்கள் கூடுதலாகப் பாதிக்கப்படுவதால், ஒவ்வொரு சுற்றிலும் முடி கொஞ்சம் மெல்லியதாகவும் குட்டையாகவும் முளைத்து, கடைசியில் பூனைமுடி ஆகிவிடும். அப்பா வழி, அம்மா வழி இரண்டிலிருந்தும் வரலாம். டாக்டர்கள் இதை நார்வுட் அளவுகோலில் 1 முதல் 7 வரை குறிப்பார்கள். பெண்களுக்குப் பெரும்பாலும் முன்கோடு அப்படியே இருக்க, வகிடு மட்டும் அகலமாகும்.

தலை முழுக்க ஒரே மாதிரி கொத்துக் கொத்தாகக் கொட்டினால் கதை வேறு. டெங்கு, டைஃபாய்டு, பிரசவம், பெரிய ஆபரேஷன், பட்டினி டயட், கடும் மனஉளைச்சல் இவற்றுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் முடி கொட்டும். காய்ச்சலையே மறந்திருப்போம், அப்போது கொட்டும். காட்பாடி பக்கத்து ஹாஸ்டல் பிள்ளைகள் "முதல் வருஷமே வழுக்கை ஆகிவிட்டேன்" என்று அழுவதில் ஒரு பங்கு இந்த வகை. காரணம் நீங்கினால் பெரும்பாலும் ஆறு மாதத்தில் தானாகச் சரியாகும். இதற்குப் போய் முடி நட்டுக்கொள்வது வீண் செலவு.

காசு அளவில் வழவழவென்று திட்டாகப் போனால் புழுவெட்டு. பெயரில்தான் புழு இருக்கிறது. உடம்பின் எதிர்ப்பு சக்தி தன் வேரையே தாக்குவது அது. ஊசி மருந்தில் நன்றாகக் கேட்கும். தோல் பளபளவென்று தழும்பாகி, ஓரத்தில் சிவப்பும் எரிச்சலும் இருந்தால் தள்ளிப் போடவே கூடாது. அந்த வகையில் வேரே அழிந்துவிடும்.

இறுக்கிப் பின்னிய சடை, வருடக்கணக்கில் இழுத்துக் கட்டும் கொண்டை இவற்றால் நெற்றியோரம் பின்வாங்கும். ஜிம்மில் யாரோ சொன்னார்கள் என்று டெஸ்டோஸ்டிரான் ஊசி போடுகிறவர்களுக்குப் பரம்பரை வழுக்கை வேகமெடுக்கும். இதை டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

தண்ணீர், எண்ணெய், மொட்டை

ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை என்று நம் ஊரைக் கிண்டல் செய்யும் பட்டியல் எல்லாருக்கும் தெரியும். முடி இல்லாத தலையையும் அதில் சேர்த்து, பழியை போர் (ஆழ்துளைக் கிணற்று) தண்ணீர் மேல் போடுகிறார்கள். உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும், சிக்கு விழும், நடுவில் முறியும். உண்மைதான். ஆனால் நெற்றியோரம் ஏறுவதற்கு அது காரணமில்லை. அதே தண்ணீரில்தான் உங்கள் பிடரியும் குளிக்கிறது; அங்கே கொட்டவில்லையே.

கரிசலாங்கண்ணி தைலமும் தேங்காய் எண்ணெயும் இருக்கிற முடியை மெருகாக்கும், முறிவைக் குறைக்கும். சுருங்கிப்போன வேரை மீட்காது. திருப்பதியில் மொட்டை போட்டால் அடர்த்தியாக வரும் என்பதும் பார்வை மயக்கம்தான். வெட்டிய நுனி மொண்ணையாக இருப்பதால் தடிமனாகத் தெரிகிறது. நேர்த்திக்கடன் வேறு, சிகிச்சை வேறு.

இரண்டாம் படி: தோல் டாக்டரைப் பாருங்கள்

பலர் இதைத் தாண்டி நேராக 'ஹேர் கிளினிக்' போய்விடுகிறார்கள். அங்கே முதலில் பேசுவது பெரும்பாலும் கவுன்சிலர்; அவர் டாக்டர் இல்லை. நம் பக்கம் இருக்கிறவர்களுக்கு இதில் குறையே இல்லை. சி.எம்.சி.யில் தோல் பிரிவு இருக்கிறது. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் செலவில்லாமல் பார்க்கலாம். கரிகிரியில் தொழுநோய்க்கென்று தொடங்கிய மருத்துவமனையிலும் தோல் நோய் பார்க்கிறார்கள். குடியாத்தம், ஆம்பூர், ராணிப்பேட்டையில் தனியாக கிளினிக் வைத்திருக்கும் எம்.டி. தோல் டாக்டர்களும் உண்டு.

டெர்மோஸ்கோப் என்ற சின்ன உருப்பெருக்கி வைத்துத் தலையைப் பார்ப்பார். பருத்த முடியும் மெலிந்த முடியும் கலந்து தெரிந்தால் பரம்பரை வகை என்று அங்கேயே சொல்லிவிடலாம். ரத்தத்தில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (இரும்புச் சத்தின் இருப்பு), தைராய்டு கேட்கலாம். தேவைப்பட்டால் பி12, வைட்டமின் டி. மாதவிடாய் ஒழுங்கில்லாமல் முகத்திலும் முடி வளரும் பெண்களுக்கு பி.சி.ஓ.டி. (சினைப்பை நீர்க்கட்டி) பரிசோதனையும் சேரும். ஒரு எச்சரிக்கை: பயோட்டின் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு ரத்தம் கொடுத்தால் தைராய்டு ரிசல்ட் தப்பாக வரக்கூடும். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பயோட்டின் குறைபாடு அரிது. இல்லாத குறைக்கு மாத்திரை தின்பதால் முடி வராது.

அன்றைக்கே ஒரே வெளிச்சத்தில் முன், உச்சி, இரண்டு பக்கம், பின் என்று படம் எடுத்து வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதே இடத்தில் நின்று எடுங்கள். கண்ணாடி ஏமாற்றும்.

மூன்றாம் படி: மருந்துக்கு ஒரு வருடம் கொடுங்கள்

பரம்பரை வழுக்கைக்கு நன்றாக நிரூபணமான மருந்துகள் இரண்டுதான்.

மினாக்சிடில் ரத்த அழுத்த மாத்திரையாக வந்தது. சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி முளைத்ததைப் பார்த்துத் தலைக்குத் தடவும் மருந்தாக்கினார்கள். அமெரிக்காவில் 1988இல் அனுமதி கிடைத்தது. ஆண்களுக்கு வழக்கமான அளவு 5 சதவீதம், ஒரு வேளைக்கு 1 மில்லி, தினம் இரண்டு வேளை. முடியில் தடவக் கூடாது. வகிடெடுத்துக் காய்ந்த தோலில் தடவி, நாலு மணி நேரம் தலையை நனைக்காமல் விடவேண்டும். முதல் இரண்டு மாதத்துக்குள் கொட்டுவது கூடும். பழைய முடியைத் தள்ளிவிட்டுப் புதியது வருகிறது என்று அர்த்தம், ஆனால் பலர் அந்தக் கட்டத்தில்தான் பாட்டிலைத் தூக்கிப் போடுகிறார்கள். பலன் தெரிய நாலு முதல் ஆறு மாதம் ஆகும். நிறுத்தினால் சில மாதங்களில் கிடைத்தது போய்விடும். அரிப்பு வந்தால் ஃபோம் வடிவத்துக்கு மாற்றலாம். வீட்டில் பூனை வளர்த்தால் கவனம்; இந்த மருந்து அதற்கு விஷம். இதையே குறைந்த அளவு மாத்திரையாகவும் இப்போது கொடுக்கிறார்கள். கால் வீக்கம், படபடப்பு வரலாம் என்பதால் மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்கிச் சாப்பிடும் விஷயமில்லை.

ஃபினாஸ்டரைட், தினம் 1 மில்லிகிராம், ஆண்களுக்கு. 1997 முதல் முடிக்காகப் பயன்பாட்டில் இருக்கிறது. டி.எச்.டி. உருவாவதைக் குறைத்து, இருப்பதைக் காப்பாற்றும். உச்சியில் நன்றாக வேலை செய்யும். நூற்றில் சிலருக்குத் தாம்பத்திய ஆர்வம் குறைவது, விறைப்புக் குறைவது நடக்கிறது. பெரும்பாலும் நிறுத்தினால் சரியாகிறது. நிறுத்திய பிறகும் நீடிப்பதாகச் சொல்பவர்கள் உண்டு. மனச்சோர்வு வந்தாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். குழந்தைக்கு முயற்சி செய்கிற நேரமென்றால் அதையும் சொல்லுங்கள். கர்ப்பமாக இருக்கும் பெண் உடைந்த மாத்திரையைத் தொடவே கூடாது. சாப்பிடுகிற காலத்திலும், நிறுத்தி ஒரு மாதம் வரையிலும் ரத்த தானம் வேண்டாம். வயதானவர்களுக்கு பி.எஸ்.ஏ. என்ற புராஸ்டேட் சுரப்பிப் பரிசோதனையின் எண் பாதியாகத் தெரியும், அதனால் பரிசோதிக்கும் டாக்டருக்கும் இது தெரிய வேண்டும்.

பி.ஆர்.பி. என்பது உங்கள் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, தட்டணுக்கள் செறிந்த பகுதியைத் தலையில் ஊசியாகப் போடுவது. மாதம் ஒன்று வீதம் மூன்று நாலு தடவை, அப்புறம் அவ்வப்போது. மெலிந்த முடிக்குக் கொஞ்சம் கை கொடுக்கும். பளபளத்த வழுக்கையில் ஒன்றும் முளைக்காது. லேசர் தொப்பியும் அப்படித்தான், துணைக்கு வைத்துக்கொள்ளலாம். எக்ஸோசோம் (செல்கள் வெளியிடும் நுண்துகள்கள்) என்று விலை உயர்ந்த ஒன்றை இப்போது விற்கிறார்கள். அமெரிக்க மருந்துத் துறை முடிக்காக அப்படி ஒரு பொருளுக்கும் அனுமதி தரவில்லை. என்னைக் கேட்டால், அந்தக் காசை மினாக்சிடிலுக்கு வைத்திருங்கள்.

ஒரு வருடம் கழித்துப் படங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். கொட்டுவது நின்று, முன்பக்கம் மட்டும் காலியாக இருந்தால் நடுவதைப் பற்றி யோசிக்கலாம்.

நட்டது ஏன் நிற்கிறது

1940களின் இறுதியிலிருந்து டாக்டர் பால் பிராண்ட் குழுவினர் வேலூரில் தொழுநோயாளிகளுக்குக் கைகளைச் சீர்செய்யும் அறுவை சிகிச்சைகள் செய்தார்கள். புருவம் உதிர்ந்தவர்களுக்குத் தலைத்தோலை முடியோடு எடுத்துப் புருவம் அமைத்தும் கொடுத்தார்கள். அந்தப் புருவம் தலைமுடி போலவே நீளமாக வளரும். கத்தரிக்கோல் வைத்து வெட்டவேண்டும். எங்கே போனாலும் வேர் தன் பிறந்த இடத்துக் குணத்தை விடுவதில்லை. நியூயார்க்கில் நார்மன் ஓரன்ட்ரைக் 1950களில் வழுக்கைக்கு முடி நட்டுக் காட்டியதும் இதே அடிப்படையில்தான். பிடரி வேருக்கு டி.எச்.டி. பயம் கிடையாது, முன்னால் நட்டாலும் கிடையாது. ஆனால் சுற்றியிருக்கும் பழைய முடிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே நட்ட பிறகும் மருந்து தொடரும். இதைச் சொல்லாத கிளினிக்கை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

நான்காம் படி: உங்களுக்குப் பொருந்துமா, எவ்வளவு வேண்டும்

25 வயதுக்குக் கீழே என்றால் காத்திருங்கள். புழுவெட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதோ, பிடரியும் சேர்ந்து மெலிந்திருக்கும்போதோ, சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோதோ செய்யக் கூடாது. காயம் பட்டால் தழும்பு தடித்து வளரும் உடம்புக்காரர்களும் முன்பே சொல்லவேண்டும்.

கணக்கு எளிது. இயற்கையில் ஒரு சதுர சென்டிமீட்டரில் 70 முதல் 90 கிராஃப்ட் வரை இருக்கும். ஒரு கிராஃப்டில் ஒன்று முதல் நாலு முடி. நடும்போது 30 முதல் 40 கிராஃப்ட் வைத்தாலே பார்வைக்கு நிறைந்து தெரியும். முன்பக்கம் 60 சதுர சென்டிமீட்டர் காலி என்றால், 35 வீதம் 2100 கிராஃப்ட். விலை கேட்கும்போது கிராஃப்ட் கணக்கா, முடிக் கணக்கா என்று கேளுங்கள். "4000 முடி" என்று சொல்லி 2000 கிராஃப்ட் நடுவது பழைய வித்தை. சாதாரண சிகிச்சைக்கு இல்லாத ஜி.எஸ்.டி. இதற்கு உண்டு. காப்பீடும் பொதுவாக இதற்குப் பணம் தராது.

எடுக்கும் முறை இரண்டு. எஃப்.யு.டி.யில் பிடரித் தோலை ஒரு பட்டையாக வெட்டித் தைத்து, அதிலிருந்து வேர்களைப் பிரிப்பார்கள். கோடாகத் தழும்பு இருக்கும். எஃப்.யு.இ.யில் ஒரு மில்லிமீட்டர் அளவு துளைக் கருவியால் ஒவ்வொன்றாக எடுப்பார்கள். புள்ளி புள்ளியாகத் தழும்பு, கண்ணுக்கு எளிதில் தெரியாது. வருடா வருடம் திருப்பதிக்கோ திருத்தணிக்கோ போய் மொட்டை போடுகிற குடும்பம் என்றால் எஃப்.யு.டி. கோடு ஊருக்கே தெரியும், யோசித்துக்கொள்ளுங்கள். டி.எச்.ஐ., சஃபையர் என்று பட்டியலில் வருபவை கீறவும் நடவும் பயன்படும் கருவியின் வேறுபாடுகள்தான். கருவியைவிடக் கை முக்கியம்.

ஐந்தாம் படி: யார் கை?

இங்கேதான் நின்று நிதானிக்க வேண்டும். 2016இல் சென்னையில் மருத்துவக் கல்லூரி இறுதியாண்டு மாணவர் ஒருவர், வயது 22, முடி நடப் போய் நிலைமை மோசமாகி, வேலூர் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டும் பிழைக்கவில்லை. சிகிச்சை நடந்த இடத்துக்கு இருந்தது சலூன் உரிமம். மருத்துவம் படித்த பையனுக்கே இப்படி என்றால், தள்ளுபடி விளம்பரம் பார்த்துப் போகிறவர் எவ்வளவு விசாரிக்க வேண்டும்?

தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் தெளிவாகச் சொல்லிவிட்டது: முறையான அறுவைப் பயிற்சி பெற்ற டாக்டர்தான் இதைச் செய்யலாம், தோல் மருத்துவமோ பிளாஸ்டிக் சர்ஜரியோ படித்தவர்களின் வேலை இது, யூடியூபும் பயிலரங்கும் பார்த்துக் கற்றுக்கொண்டு தொடங்கக் கூடாது. ஆகவே டாக்டரின் பதிவு எண்ணை வாங்கித் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் தளத்தில் தேடுங்கள். மருத்துவ நிறுவனச் சட்டப்படி பெற்ற பதிவுச் சான்று கிளினிக்கில் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் இவற்றை நேராகக் கேளுங்கள்: மரப்பு ஊசி போடுவது யார்? வேர் எடுப்பதும் கீறல் போடுவதும் டாக்டரா, உதவியாளரா? ஒரு நாளில் எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள்? ஆக்ஸிஜனும் அவசர மருந்தும் இருக்கிறதா? என் வயதில், என் நிலையில் இருந்தவரின் ஒரு வருடம் கழிந்த படம் இருக்கிறதா? தடுமாறினால் கிளம்பிவிடலாம். ஒரே நாளில் 5000 கிராஃப்ட், "வாழ்நாள் உத்தரவாதம்", இன்றே முன்பணம் கட்டினால் பாதி விலை, இவை மூன்றும் ஓட வேண்டிய அறிகுறிகள்.

சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்ச் செய்தால் ஒரு இரவாவது அங்கே தங்குங்கள். மறுநாள் கட்டுப் பிரித்து, கழுவும் முறையைக் காட்டுவார்கள்.

ஆறாம் படி: நாள் குறிப்பது, தயாராவது

அக்னி நட்சத்திரத்தில் வேண்டாம். வேலூர் வெயிலில் புண்ணான தலையோடு வியர்த்து வழிவது தேவையில்லாத பாடு. கார்த்திகை முதல் தை வரை வசதி. கல்யாணத்துக்கு மாப்பிள்ளை தயாராவதென்றால் ஒரு வருடம் முன்பே செய்யவேண்டும். ஒரு மாதம் முன்பு செய்தால் இருந்ததைவிட மோசமாகத் தெரியும்.

ரத்த அணுக்கள், சர்க்கரை, ரத்தம் உறையும் நேரம், எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகள், ஈ.சி.ஜி. எல்லாம் முன்பே பார்ப்பார்கள். ஆஸ்பிரின் போன்ற மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். எழுதிக் கொடுத்த டாக்டரைக் கேட்டு முடிவெடுங்கள். சிகரெட்டை இரண்டு வாரம் முன்பே விட்டுவிடுங்கள். அன்று காலை நன்றாகச் சாப்பிட்டு, பட்டன் வைத்த சட்டை போட்டுப் போங்கள். டி-ஷர்ட்டைக் கழற்றும்போது நட்டது உரசும்.

அந்த நாள்

ஆறு முதல் எட்டு மணி நேரம். முதலில் உட்காரவைத்து முன்கோடு வரைவார்கள். இந்த இடத்தில் ஆசைப்படாதீர்கள். கோடு தாழ்வாக வந்தால் இப்போது அழகு, 50 வயதில் ஒட்டுமுடி போல இருக்கும். மரப்பு ஊசி போடும் சில நிமிடம்தான் வலி. பிறகு குப்புறப் படுத்து எடுப்பது, சாப்பாடு, மல்லாந்து படுத்து நடுவது. எடுத்த வேர்கள் அதுவரை குளிர்ந்த உப்புக் கரைசலில் இருக்கும். நாற்றைப் பிடுங்கிக் காயவிடாமல் நடுவது போலத்தான்; வெளியே இருக்கும் நேரம் குறையக் குறைய பிழைப்பது கூடும். மயக்கம், காதில் ரீங்காரம், நாக்கு மரத்தல் என்று எது தோன்றினாலும் உடனே சொல்லுங்கள். மரப்பு மருந்து அளவு மீறியதற்கு அவை அறிகுறி.

ஏழாம் படி: முதல் 14 நாள்

ஒரு வாரம் தலையணையை உயர்த்தி, மல்லாந்து, பாதி சாய்ந்த நிலையில் தூங்குங்கள். கொடுத்த சலைன் ஸ்பிரேயைச் சொன்ன நேரப்படி அடியுங்கள். மூன்றாம் நான்காம் நாளில் நெற்றி வீங்கி, வீக்கம் கண்ணுக்கு இறங்கலாம். பார்க்கப் பயமாக இருக்கும், தானாக வடியும். தலை கழுவும்போது ஷவர் வேண்டாம், குவளையில் மெதுவாக ஊற்றுங்கள். போர் தண்ணீரை இந்த இரண்டு வாரம் மட்டும் விட்டுவிட்டு, குடிதண்ணீரையோ கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரையோ பயன்படுத்துங்கள். பொருக்கைச் சொறியாதீர்கள், 10 முதல் 14 நாளில் ஊறி உதிரும்.

ஹெல்மெட் உரசக் கூடாது, ஹெல்மெட் இல்லாமல் வண்டி ஓட்டவும் கூடாது. ஆகவே இரண்டு வாரம் பஸ், ஆட்டோ. ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் தோல் தொழிற்சாலையில் வேலை என்றால் ரசாயனம், தூசி இருக்கும் பகுதிக்குத் திரும்புவதை டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். காய்ச்சல், சீழ், நட்ட தோல் கறுத்துப்போவது, மூச்சுத் திணறல் இவற்றில் எது வந்தாலும் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

எட்டாம் படி: ஒரு வருடம்

இரண்டாம் வாரத்துக்குப் பிறகு நட்ட முடியில் பெரும்பகுதி கொட்டிவிடும். வேர் உள்ளேதான் இருக்கிறது. மூன்றாம் நான்காம் மாதம் மெல்லிய முடி எட்டிப்பார்க்கும், ஆறாம் மாதம் பாதி தெரியும், 12 மாதத்தில் முழுசாகும். உச்சிக்கு 18 மாதம் வரை ஆகலாம். நடுவில் ஒன்றிரண்டு பரு வரும், கிள்ளாதீர்கள். வெயிலில் போகும்போது தளர்ந்த தொப்பியோ குடையோ வேண்டும். கத்தரிக்கோலில் முடி வெட்ட ஒரு மாதம் கழியட்டும். மொட்டைக்குக் குறைந்தது ஆறு மாதம், அதுவும் டாக்டரைக் கேட்டு. நடுவதற்காக மினாக்சிடிலை நிறுத்தியிருந்தால், எப்போது மறுபடி தொடங்குவது என்று அவரே சொல்வார்.

12 மாதம் ஆகும் முன் "அடர்த்தி போதவில்லை, இன்னொரு தடவை செய்துவிடலாம்" என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். முளைக்க வேண்டியது இன்னும் மிச்சம் இருக்கும். ஒரு வருடப் படத்தைப் பார்த்த பிறகு, பிடரியில் எவ்வளவு மீதி என்று எண்ணி எழுதித் தரச் சொல்லுங்கள்.